கால் விழுந்த இடமும் கை விழுந்த இடமும்

சென்ற டிசம்பரில் நம் பல்கலைக்கழக விளையாட்டு விழாவில் பெண்கள் நீளந்தாண்டும் போட்டி நடந்தபோது, மணற்குழியருகே அளவு நாடாவின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான். நம் சங்கத்துத் தங்கை ஒருவர் தம் கடைசித் தாண்டலில் அழகாகப் பறந்து வந்தார். குதிகால்கள் விழுந்த இடம் நாலரை மீட்டருக்கு மேலேயே இருக்கும். ஆனால் விழுந்த வேகத்தில் இடக்கை பின்னால் ஊன்றிவிட்டது. கை பதிந்த இடத்தில் நாடாவின் முனையை வைத்தேன். 4.21 மீட்டர் என்று எழுதினார்கள். மூன்றாம் பரிசு மூன்று சென்டிமீட்டரில் போயிற்று.

"அண்ணா, கால் விழுந்த இடத்தை விட்டுவிட்டுக் கை விழுந்த இடத்தை அளப்பது எந்த ஊர் நியாயம்?" என்று தமிழிலேயே கேட்டார். சுற்றி நின்றவர்களுக்கு மொழி புரியாவிட்டாலும் கேள்வி புரிந்தது. எனக்கு அப்போது பதில் சொல்ல வாய் வரவில்லை. பொங்கல் விழாவிலும் அவர் என்னோடு பேசவில்லை. மலர்க் குழுவினர் விளையாட்டைப் பற்றி ஒரு கட்டுரை கேட்டபோது, அன்று சொல்லாத பதிலையே எழுதித் தருவது என்று முடிவு செய்தேன்.

விதி இதுதான். ஓடி வந்து காலூன்றி எழும் வெள்ளைப் பலகை 20 சென்டிமீட்டர் அகலமுள்ளது. அதன் மணற்குழிப் பக்க விளிம்பே தாண்டுகோடு. மணலில் உடலின் எந்தப் பகுதி பதித்த தடமாயினும், அவற்றுள் தாண்டுகோட்டுக்கு மிக அருகில் உள்ள தடத்திலிருந்து கோடுவரை நேர்செங்குத்தாக அளக்க வேண்டும். காலென்றும் கையென்றும் விதி பார்ப்பதில்லை. உடலோடு ஒட்டியிருந்த பொருள் மணலைத் தொட்டாலும் அதுவும் கணக்கில் சேரும்.

இன்னொரு முனையிலும் இழப்பு உண்டு. கால் எங்கே ஊன்றினாலும் அளவு தொடங்குவது கோட்டிலிருந்துதான். கோட்டுக்கு ஒரு சாண் முன்பே ஊன்றி எழுந்தவர் அந்தச் சாணை இழந்தவரே. எவரும் அதைத் திருப்பித் தருவதில்லை. அதற்கு அஞ்சி நெருங்கிப் போனாலோ, கோட்டைத் தாண்டிவிட்டால் தாண்டலே செல்லாது. முன்பு கோட்டுக்கு அப்பால் பிளாஸ்டிசின் பூசிய பட்டை ஒன்று வைத்து, அதில் காலணி பதிந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். 2021 நவம்பர் முதல் கோட்டின்மேல் செங்குத்தாக எழும் தளத்தைக் காலணியின் நுனி கடந்தாலே தவறு என்று வைத்துவிட்டார்கள். இது கடுமையான விதிதான், ஆனால் தெளிவானது.

இவ்விரண்டு முனைகளுக்கும் இடையே நடப்பது என்ன? நம்மில் பலர் வானில் காலை வீசி நடப்பதால் தொலைவு கூடுகிறது என்று எண்ணுகிறோம். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். பௌதிகம் பயிலும் என் அறை நண்பர்தான் அதைக் கலைத்தார். கால் தரையை விட்டதுமே உடலின் ஈர்ப்பு மையம் செல்லும் வளைவு முடிவாகிவிடுகிறது. பிறகு என்ன வீசினாலும் அது மாறாது. பலகையில் எழும்போது உடல் முன்புறமாகக் கவிழப் பார்க்கும். அந்தச் சுழற்சியைத் தடுக்கத்தான் வானில் நடக்கிறார்கள், அல்லது முதுகை வளைத்துத் தொங்குகிறார்கள். கவிழாமல் இருந்தால்தான் இறங்கும்போது கால்களை முன்னே நீட்ட முடியும். அதிகமாக நீட்டினாலோ இடுப்பு குதிகாலைக் கடக்காமல் பின்னால் உட்கார நேரும். நம் தங்கைக்கு நேர்ந்தது அதுவே.

பாடப்புத்தகத்தில் எறிபொருளுக்கு 45 பாகை கோணம் நல்லது என்று படித்தோமே, தாண்டுபவர் ஏன் ஏறத்தாழ 20 பாகையிலேயே எழுகிறார் என்று கேட்கலாம். சிறந்த வீராங்கனையர் நொடிக்கு 9 மீட்டருக்கு மேல் ஓடி வருகிறார்கள். அவ்வேகத்தில் வரும்போது கால் பலகையில் இருப்பது கண்ணிமைக்கும் நேரம்தான். அதற்குள் அவ்வளவு உயரம் எழ முடியாது. எழ முயன்றால் ஓட்டத்தின் வேகம் போய்விடும்.

நிற்க. கையோ காலோ அல்ல, ஒரு துண்டு அட்டை பதக்கத்தைப் பறித்த கதையைச் சொல்கிறேன். 2017 ஆகஸ்டில் லண்டனில் நடந்த உலகத் தடகளப் போட்டியில் பெண்கள் நீளந்தாண்டலின் முடிவு இது: அமெரிக்காவின் பிரிட்னி ரீஸ் 7.02, தார்யா கிளிஷினா 7.00, அமெரிக்காவின் டியானா பார்டோலெட்டா 6.97, செர்பியாவின் இவானா ஷ்பானோவிச் 6.96. முதலிடத்துக்கும் நான்காமிடத்துக்கும் இடையே ஆறு சென்டிமீட்டர்! ஷ்பானோவிச்சின் கடைசித் தாண்டலைக் கண்டவர்கள் அது ஏழு மீட்டரை நன்றாகக் கடந்தது என்றே எண்ணினார்கள். அளந்தபோது வந்தது 6.91. அவர் முதுகில் குத்தியிருந்த பெயரட்டை தளர்ந்து தொங்கி, உடலுக்குப் பின்னே மணலைத் தொட்டதே காரணமென்று பேசப்பட்டது. செர்பியர் முறையிட்டனர், நடுவர்கள் ஒளிப்படப் பதிவைப் பார்த்தும் அளவை மாற்றவில்லை. ஓர் ஊக்கு கூடுதலாகக் குத்தியிருந்தால் என்னவாகியிருக்கும் என்று நினைக்காமலிருக்க என்னால் முடியவில்லை. அவரே திருமணத்திற்குப் பின் இவானா வுலேட்டா என்ற பெயரில் 2023இல் புடாபெஸ்டில் 7.14 மீட்டர் தாண்டி உலகத் தங்கம் பெற்றார். இடையே ஆறு ஆண்டுகள்.

நம் நாட்டுக்கு வருவோம். 2003இல் பாரிசில் நடந்த உலகப் போட்டியில் கேரளத்தைச் சேர்ந்த அஞ்சு பாபி ஜார்ஜ் 6.70 மீட்டர் தாண்டி வெண்கலம் பெற்றார். உலகத் தடகளப் போட்டியில் இந்தியர் ஒருவர் பெற்ற முதற் பதக்கம் அது. தங்கம் வென்ற பிரான்சின் யூனிஸ் பார்பர் 6.99 தாண்டி எட்டாத தொலைவில் இருந்தார். ஆனால் வெள்ளி பெற்ற ரஷ்யாவின் தத்தியானா கோத்தோவா தாண்டியது 6.74. நான்கு சென்டிமீட்டர், அதாவது இரு விரற்கடை. மறு ஆண்டே ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் அஞ்சு 6.83 தாண்டினார்; அங்கே அதற்குப் பதக்கம் இல்லை!

1948இல் லண்டன் ஒலிம்பிக்கில்தான் பெண்களுக்கு முதன்முதலாக இப்போட்டி வைத்தார்கள். அன்று ஹங்கேரியின் ஓல்கா கியார்மதி தங்கம் வென்ற அளவு 5.69. நாற்பதாண்டு கழித்து, 1988இல், சோவியத் நாட்டின் கலீனா சிஸ்தியாகோவா தாண்டியது 7.52. நம் மைதானத்தில் 4.21க்கு வருந்துகிறவர்கள் முதல் எண்ணைப் பார்க்கட்டும். இரண்டாவதைப் பிறகு பார்க்கலாம்.

சென்ற வாரம் மாலையில் அத்தங்கை தாமாகவே மணற்குழிக்கு வந்தார். "அளங்கள் அண்ணா" என்றதைத் தவிர வேறொன்றும் பேசவில்லை. நான்கு முறை தாண்டினார். மூன்றில் கை பின்னால்தான் விழுந்தது. நான்காவதில் கைகளை முன்னே வீசி, முழங்காலை மடக்கிப் பக்கவாட்டில் சாய்ந்து வெளியேறினார். நாடாவின் முனையைக் குதிகால் தடத்தில் வைத்தேன். 4.47.

செவ்வாயும் வெள்ளியும் மாலை ஐந்து மணிக்குப் பயிற்சி நடக்கிறது. மணல் இறுகிக் கிடக்கிறது. கொத்திச் சமன் செய்ய மண்வெட்டி பிடிக்கத் தெரிந்த இருவர் வேண்டும்.