திரையிசை அறிவோம்: மொரீஸ் ஜார்

1924-இல் பிரான்சின் லியோன் நகரில் பிறந்தவர் மொரீஸ் ஜார். பதின்வயதின் பிற்பகுதியில்தான் இவருக்கு இசையில் நாட்டம் பிறந்தது. பொறியியல் படிப்பைத் தந்தையின் விருப்பத்துக்கு மாறாகக் கைவிட்டு, பாரிஸ் இசைக்கல்லூரியில் தாள வாத்தியம் பயின்றார்.

பிறகு, ழான் விலாரின் தேசிய மக்கள் அரங்கில் பல ஆண்டுகள் நாடகங்களுக்கு இசையமைத்தார். நாடகத்தில் வசனத்துக்கு இசை வழிவிட வேண்டும். இந்தப் பயிற்சி திரைக்கும் உதவியது.

டேவிட் லீன் இயக்கிய 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா' (1962) படத்துக்குச் சில வாரங்களிலேயே இசையமைத்து ஆஸ்கார் பெற்றார். 'டாக்டர் ஷிவாகோ' (1965) படத்துக்கு ரஷ்ய நரம்புக் கருவியான பலலைக்கா தேவைப்பட்டது. ஹாலிவுட் வாத்தியக்குழுவில் அதை வாசிப்பவர் இல்லை. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் ரஷ்யத் தேவாலயம் ஒன்றில் கலைஞர்களைக் கண்டுபிடித்தார். இசைக்குறிப்பு படிக்கத் தெரியாத அவர்களுக்கு, நம் குருகுல முறைபோலக் கேள்வி வழியே சொல்லிக்கொடுத்தார். இரண்டாவது ஆஸ்கார் கிடைத்தது.

மூன்றாவது, பெங்களூரிலும் படமாக்கப்பட்ட 'எ பாசேஜ் டு இந்தியா' (1984) படத்துக்கு. மூன்றும் லீனின் படங்களே! 2009-இல் ஜார் மறைந்தார்.

பெற்றோரே, பிள்ளைகளின் இசை ஆர்வம் தாமதமாக வந்தாலும் தடுக்காதீர்கள். இளையோரே, அடுத்த முறை படம் பார்க்கையில், இசை எங்கே அடங்கி வசனத்துக்கு வழிவிடுகிறது என்று கவனியுங்கள்.