பள்ளிக்கு நடந்து வாருங்கள்



மதீனாவில் பனூ ஸலிமா குலத்தாரின் வீடுகள் மஸ்ஜிதுந் நபவிக்குத் தூரமாக இருந்தன. பள்ளிக்கு அருகில் குடிவந்துவிட அவர்கள் விரும்பியபோது, இருக்கும் இடத்திலேயே இருக்கும்படியும், அவர்கள் நடந்து வரும் காலடிகள் பதிவு செய்யப்படுவதாகவும் நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். முஸ்லிம் ஹதீஸ் தொகுப்பில் வரும் செய்தி இது.

நமக்கோ அடுத்த தெருவிலிருந்து வரவும் பைக் வேண்டும். வாலிபர்களை விடுங்கள். மகனின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து வரும் 60 வயதுக்காரர்களைப் பார்த்தால்தான் எனக்குக் கவலை. மகன் பாசத்தில்தான் கொண்டுவந்து விடுகிறார். ஆனால் வாப்பாவுக்கு மிஞ்சியிருந்த ஒரே நடையும் அதோடு போய்விடுகிறது. நம் டிரஸ்டுக்கு வரும் மருத்துவ உதவி மனுக்களிலும் சுகர், பிரஷர், முழங்கால் என்று இவையே திரும்பத் திரும்ப வருகின்றன.

65 வயதைக் கடந்தவர்களும் வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு செய்யவேண்டும் என்கிறது உலக சுகாதார அமைப்பு. ஒரே மூச்சில் நடக்கவேண்டியதில்லை. பள்ளி 5 நிமிட தூரம் என்றால், போக வர ஐவேளைக்கு நாளொன்றுக்கு 50 நிமிடம் ஆகிவிடுகிறது. பேச முடியவேண்டும், மூச்சு மட்டும் கொஞ்சம் கூடுதலாக வாங்கவேண்டும், அதுதான் வேகத்தின் அளவு. தொழுகைக்கு நிதானமாகத்தான் வரவேண்டும் என்பதால், வேக நடையைத் திரும்பும்போது வைத்துக்கொள்ளுங்கள்!

சுகர் வரும் நிலையில் இருந்தவர்களை வைத்து அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2002இல் வெளியானது. உணவைக் குறைத்து, வாரம் 150 நிமிட உடற்பயிற்சியும் செய்து எடை குறைத்தவர்களிடம் சுகர் நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் மாத்திரை எடுத்தவர்களிடம் 31 சதவீதம்தான். 60 வயதைக் கடந்தவர்களுக்கோ உணவும் உடற்பயிற்சியும் 71 சதவீதம் பலன் தந்தன. அதற்காக ஏற்கெனவே நோய் உள்ளவர்கள் மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது.

“நடந்தால் முழங்கால் இன்னும் தேயும்” என்று பலர் உட்கார்ந்துவிடுகிறார்கள். மூட்டின் குருத்தெலும்பில் ரத்தக்குழாய் கிடையாது. கால் அசையும்போதுதான் மூட்டு நீரிலிருந்து அதற்குச் சத்து போகிறது. உட்கார்ந்தே இருந்தால் தொடைத் தசையும் மெலிந்து, பாரமெல்லாம் மூட்டில் இறங்கும். வலி கடுமையாக இருந்தால் டாக்டரிடம் கேட்டு, 5 நிமிடத்தில் தொடங்கலாம்.

சுகர் உள்ளவர்கள் வெறுங்காலோடு நடக்கவேண்டாம். கால் மரத்துப்போயிருந்தால் முள் குத்தினாலும் தெரியாது. உளு செய்து கால் கழுவும்போது பாதத்தில் புண் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு விரலிடுக்கில் ஈரமில்லாமல் துடையுங்கள். இன்சுலின் போடுபவர்கள் பையில் இரண்டு மூன்று பேரீச்சம்பழம் வைத்திருப்பது நல்லது. நடக்கும்போது நெஞ்சு அடைத்தால் அங்கேயே நின்றுவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போகவேண்டும்.

இதெல்லாம் ஆண்களுக்குச் சரி, நம் உம்மாமார்களுக்கு? வீட்டு வேலையே போதும் என்பார்கள். அடுப்படியில் நிற்பது நடையாகாது. தெருவில் நடந்தால் நாலு பேர் பேசுவார்கள் என்ற தயக்கமும் இருக்கிறது. பிள்ளைகள் ஸ்கூலுக்குப் போனபின் நம் மதரஸா முற்றம் காலியாகத்தான் கிடக்கிறது. காலை 10 முதல் 11 வரை அதைப் பெண்கள் நடப்பதற்குத் திறந்துவிடும்படி அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் கேட்க இருக்கிறேன். விருப்பமுள்ள பெண்கள் டிரஸ்ட் அலுவலகத்தில் பெயர் கொடுங்கள். எத்தனை பேர் என்று சொல்ல முடிந்தால் அனுமதி வாங்குவது எளிது, இன்ஷா அல்லாஹ்.