ஆடு தின்றதெல்லாம் கறியில் தெரியுமா?

ஞாயிற்றுக்கிழமை காலையில் கறிக்கடை வாசலில் நின்றால் தவறாமல் காதில் விழும் பேச்சு இது: "காட்டுல மேய்ஞ்ச குட்டிங்க, ருசியே தனி. பரண்ல தீவனம் போட்டு வளர்த்தது சப்புன்னு இருக்கும்." இதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அது பலரும் தேடும் இடத்தில் இல்லை. தீவனம் மாற்றுவது பெரும்பாலும் ஆட்டின் கொழுப்பை. கறியின் மணம் அங்கிருந்துதான் வருகிறது. கறி பூப்போல வேகுமா, நார்நாராக இழுக்குமா என்பதை முடிவு செய்பவை வேறு.

"தின்ற தழையின் வாசமும் குணமும் அப்படியே கறியில் இறங்கும்"

பன்றிக்கும் கோழிக்கும் இது ஓரளவு பொருந்தும். அவை தின்ற கொழுப்பு அதிகம் மாறாமல் உடலில் சேர்கிறது. அசைபோடும் ஆட்டின் கதை வேறு. அதன் முதல் வயிற்றில் வாழும் நுண்ணுயிர்கள்தான் தழையை முதலில் உண்கின்றன. அவை உடைத்தும் மாற்றியும் தருவதைத்தான் ஆடு பெறுகிறது. புல்லில் இளகிய நிலையில் இருக்கும் கொழுப்பில் பெரும்பகுதியை அவை கெட்டிக் கொழுப்பாக்கிவிடுகின்றன. குழம்பு ஆறியதும் மேலே வெள்ளையாக உறைவது அதுதான்.

ஆகவே "மூலிகை மேய்ந்த ஆடு, கறியே மருந்து" என்று சொல்லிக் கூடுதல் விலை கேட்டால் கொடுக்கத் தேவையில்லை. வாசனைப் பொருள்கள் சில, மிகச் சிறிய அளவில் கொழுப்பில் சேர்வதுண்டு. அது மருந்தாகிவிடாது. பிரான்சில் மோன் சான் மிஷேல் விரிகுடாவின் உப்புப் புல்வெளிகளில் மேயும் குட்டிகளுக்குப் பெரும் பெயர் உண்டு. அந்தக் கறி உப்புக்கரிக்கும் என்று எண்ணுபவர்கள் பலர். கரிக்காது, மிகுதி உப்பைச் சிறுநீரகம் வெளியேற்றிவிடுகிறது.

தின்றது அப்படியே கறியில் இறங்காது என்பதற்கு விலக்கு உண்டு. குதிரைமசாலையும் முட்டைக்கோசு இனத் தீவனப் பயிர்களையும் மட்டுமே தின்ற குட்டிகளின் கறியில் பலமான வாடை ஏறுகிறது. நியூசிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் இதை நன்கு அறிவார்கள். அறுப்புக்கு முன் ஒன்றிரண்டு வாரம் வேறு புல்லில் மேயவிட்டால் வாடை தணிந்துவிடும்.

"வாடை வருவது பண்ணைத் தீவனத்தால்தான்"

செம்மறிக் கறியின் வாடை ஒன்றல்ல, இரண்டு. நம் பேச்சில் இரண்டையும் சேர்த்துக் 'கவிச்சி' என்று சொல்லிவிடுவதால்தான் இந்தக் குழப்பம்.

முதலாவது, செம்மறிக்கே உரிய மணம். கிளைத்த அமைப்புள்ள சில கொழுப்பு அமிலங்களே அதற்குக் காரணம் என்று 1975இல் நியூசிலாந்து ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். தானியம் மிகுந்த அடர்தீவனத்தில் இவை கூடும். மாவுச்சத்து முதல் வயிற்றில் வேகமாகப் புளித்து, புரோப்பியோனிக் அமிலத்தை ஏராளமாக உண்டாக்குகிறது. கல்லீரலால் கையாள முடியாத மிச்சம் கொழுப்பின் அமைப்பையே மாற்றுகிறது. கொழுப்பு கெட்டிப்படாமல் கொழகொழவென்று ஆவதும் இதனால்தான். இந்த வகையில் பண்ணைத் தீவனத்தின் மீதான புகார் சரியே.

ஆனால் குற்றம் தானியத்தின் மீது மட்டுமல்ல. ஸ்காட்லாந்தின் அபர்தீனில் உள்ள ரோவெட் ஆய்வு நிறுவனத்தில் 1970களில் ஒரே வாற்கோதுமையை ஒரு பகுதிக் குட்டிகளுக்கு முழுதாகவும் மறுபகுதிக்கு அரைத்து உருண்டையாக்கியும் கொடுத்துப் பார்த்தார்கள். முழுத் தானியம் தின்ற குட்டிகளின் கொழுப்பு உறுதியாகவே இருந்தது. அரைக்காததை ஆடு மென்று, அசைபோட்டு, மெதுவாகச் செரிக்கிறது. புளிப்பும் நிதானமாக நடக்கிறது. அரைத்த தீவனமே சத்து என்று நம்பி, சோளத்தட்டையையும் கடலைக்கொடியையும் குறைத்துவிட்டு மக்காச்சோள மாவை அள்ளிப் போடும் நம் பண்ணைக்காரர்களுக்கு இந்த ஆய்வைக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

இரண்டாவது வாடை, மேய்ச்சல் ஆட்டுக்கே உரியது. செழித்த பச்சைப் புல்லிலும் தீவனப் பயறுகளிலும் புரதம் மிகுதி. முதல் வயிற்றில் அது வேகமாக உடையும்போது ஸ்கடோல் உண்டாகிறது. சாணத்தின் நெடியில் இருப்பதும் இதுவே. மழைக்குப் பின் தளிர்த்த புல்லை வயிறு முட்டத் தின்ற ஆட்டின் கறியில் ஒரு வாடை தெரிந்தால், பழியைப் பண்ணைத் தீவனத்தின் மேல் போட முடியாது. துவர்ப்பு தரும் டானின் உள்ள தீவனம் இந்த ஸ்கடோலைக் குறைக்கிறது என்பதை நியூசிலாந்து, இத்தாலி ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நம் கருவேலங்காயில் டானின் நிறைய உண்டு. கோடையில் அதை உலுக்கிப் போட்டுக் கிடையைக் காப்பாற்றும் கீதாரிகள் பசிக்காகச் செய்வது, கறியின் மணத்துக்கும் நல்லதாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

இதில் எது நல்ல மணம் என்பது நாக்குப் பழக்கம். பிரிட்டிஷ், ஸ்பானியக் குட்டிக் கறிகளை இரு நாட்டுச் சுவைக் குழுக்களுக்கும் கொடுத்தபோது, பிரிட்டிஷார் தங்கள் புல்மேய்ச்சல் கறியை மெச்சினார்கள். பாலும் தானியமும் உண்ட இளங்குட்டிக்குப் பழகிய ஸ்பானியர்கள் தங்களுடையதை மெச்சினார்கள்.

சிறிய நம்பிக்கைகள் இரண்டு. கொழுப்பு மஞ்சளாக இருந்தால் பசும்புல் மேய்ந்தது என்பது மாட்டுக்குத்தான் பொருந்தும். செம்மறியில் கொழுப்பு இயல்பாகவே வெள்ளை, மஞ்சளாக இருந்தால் மஞ்சள் காமாலையோ பரம்பரைக் காரணமோ என்று சந்தேகிக்க வேண்டும். மேய்ச்சல் ஆட்டில் ஒமேகா-3 கூடுதல் என்பது மெய். ஆனாலும் மத்தி மீனுக்குப் பக்கத்தில் வைக்க முடியாது. பசும்புல்லின் பெரிய கொடை வைட்டமின் ஈ. கறி சீக்கிரம் பழுப்பேறாமலும் கொழுப்பு சிக்கடிக்காமலும் அது காக்கிறது.

"நன்றாகத் தின்று கொழுத்த ஆடு மெத்தென்று வேகும்"

மென்மையை முடிவு செய்வதில் வயதுதான் முதல் காரணம். வயது ஏற ஏறச் சதையைப் பிணைக்கும் கொல்லாஜன் இறுகிப்போகிறது. எந்தத் தீவனமும் அதை இளக்காது. அடுத்தது குளிர். அறுத்த சூட்டிலேயே சதையை 10 டிகிரிக்குக் கீழே குளிரவைத்தால் அது சுருங்கி விறைத்துவிடும் என்பதை 1963இல் நியூசிலாந்து ஆய்வாளர்கள் லாக்கரும் ஹக்யார்டும் மாட்டிறைச்சியில் கண்டார்கள், ஆட்டுக்கும் அதுவே. காலையில் அறுத்த கறியை வாங்கிவந்து நேராக ஃப்ரீசரில் வைத்துவிட்டு, ஆடு முற்றல் என்று கடைக்காரரைத் திட்டுவது நியாயமில்லை.

தீவனம் சதையின் தரத்தைத் தொடும் இடம் ஒன்று உண்டு, அது கடைசி நாட்கள். தசையின் சேமிப்புச் சர்க்கரையான கிளைக்கோஜன் போதிய அளவு இருந்தால்தான், அறுத்த பிறகு அது லாக்டிக் அமிலமாகி, கறியின் பி.எச். அளவு 5.5 அல்லது 5.7 வரை இறங்கும். இளைத்துப்போன ஆடு, சந்தையிலும் லாரியிலும் மிரண்டபடி பட்டினி நின்றால் கிளைக்கோஜன் தீர்ந்துவிடுகிறது. பி.எச். 6க்கு மேல் நின்று, கறி கருத்து, சீக்கிரம் கெட்டும் போகிறது. அறுப்புக்கு முன் சில மணி நேரம் தீவனத்தை நிறுத்துவது சரியான வழக்கம். ஒன்றரை நாள் பட்டினி அப்படியல்ல. மாதக்கணக்கில் பார்த்துப் பார்த்து வளர்த்தவர், விற்கும் வாரத்தில் தீவனத்தை மிச்சம் பிடிக்காமல், ஆட்டுக்குத் தண்ணீரும் ஓய்வும் கொடுத்து ஏற்றிவிட வேண்டும்.