வளவிற்கு உயிர்வேலி

வடகீழ்ப் பருவமழை தொடங்கும் ஐப்பசி மாதமே வளவின் எல்லையில் உயிர்வேலி அமைத்தற்கு ஏற்ற காலமாகும். பட்ட தடிகளை நாட்டிக் கிடுகு கட்டிய வேலியைக் கறையான் விரைவில் அரித்துவிடும். சீமைக்கிளுவைக் கதியாலோ வேலியாக நிற்பதுடன், வயலுக்கு நைதரசன் மிக்க குழையும் அடுப்புக்கு விறகும் உதவும்.

முற்றிய கிளைகளை 6 அடி நீளத்திற்குச் சரிவாக வெட்டி, அலவாங்கினாற் குழி செய்து, 1 அடி ஆழத்தில் நட்டு மண்ணை நன்கு இறுக்குதல் வேண்டும். குழியின்றித் தடியை அடித்து இறக்கின் பட்டை நைந்து அடி அழுகும்.

சில கிழமைகளில் தளிர் தோன்றும். கமக்காரர் பலர் ஏமாறுவது இவ்விடத்திலேயே. அத்தளிர் தடியிற் சேமித்துள்ள உணவினால் வளர்வது. வேர் அப்பொழுது போதிய அளவு ஓடியிராது. வேர் பிடித்ததோவென அசைத்துப் பார்ப்பின் இளவேர் அறும். ஆடு கடித்த தளிர் மீண்டும் வருவதற்குள் தடியின் உணவு தீர்ந்து அது பட்டுப்போதலும் உண்டு; ஆகவே முதல் மாரியில் ஆட்டைக் கட்டியே வளர்த்தல் வேண்டும். தை பிறந்து மழை ஓய்ந்தபின், வாடுங் கதியாலுக்குக் கிணற்றடி நீரைத் திருப்பிவிடலாம். ஓராண்டு செல்லுமுன் குழை வெட்டலாகாது. பட்டுப்போன இடங்களை அடுத்த ஐப்பசியில் நிரப்புக. உள்ளே தேசிக்கன்று நடுவோர் வேலியின் நிழல் விழாத தூரத்தில் நடுவாராக.