ஒரே தொட்டி, இரண்டு நிறம்

- இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்

இரும்பு துருப்பிடிக்கும் என்பது யாவரும் அறிந்ததே. அதைத் தடுக்கவே போல்ட், நட்டு முதலியவற்றின் மேல் துத்தநாக முலாம் பூசுகிறார்கள். துத்தநாகமும் ஈரத்தில் வெள்ளையாகப் பூத்துவிடும். ஆகவே அதன்மேல் குரோமேட் என்னும் மற்றொரு காப்பு வேண்டியிருக்கிறது.

என் தந்தையார் முலாம் பட்டறைத் தொழிலாளி. சென்ற ஆண்டு அவர்கள் அனுப்பிய போல்ட்டுகள், நிறம் ஒன்றுபோல் இல்லை என்று திரும்பி வந்தன. "ஏம்ப்பா, கெமிஸ்ட்ரி படிக்கிறியே, ஒரே தொட்டியில முக்கினது ரெண்டு நிறமா வருதே, ஏன்?" என்று கேட்டார். விடை தெரியாமல் விழித்தேன். பின்னர் படித்துத் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

1936-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற குரோனாக் முறை இதில் முன்னோடியாகும். சோடியம் டைக்ரோமேட்டும் சிறிது கந்தக அமிலமும் கலந்த கரைசலில், முலாமிட்ட பொருளைச் சில விநாடிகள் முக்கி எடுப்பர். அமிலம் துத்தநாகத்தைச் சிறிது கரைக்கிறது. அதனால் பரப்பை ஒட்டிய இடத்தில் அமிலத்தன்மை குறைகிறது. அங்கே ஆறிணைதிறன் குரோமியத்தின் ஒரு பகுதி மூவிணைதிறனாக ஒடுங்கிக் கூழ்போன்ற படலமாகப் படிகிறது. ஒடுங்காத மீதி அதனுள் சிக்கிக்கொள்கிறது. மஞ்சள் நிறம் தருவது அதுவே. கீறல் விழுந்த இடத்தை ஈரத்தில் கரைந்து வந்து மூடுவதும் அதுவே.

படலம் மிக மெலிந்தால் நீலச்சாயல்; சற்றுத் தடித்தால் மஞ்சளும் வானவில் மினுக்கும்; மேலும் தடித்தால் ஆலிவ் பச்சை. மழைச் சாலையில் சிந்திய எண்ணெயில் நாம் காணும் ஒளிக் குறுக்கீடே அந்த மினுக்குக்கும் காரணம். எனவே தடிமன் சற்று மாறினாலும் நிறம் மாறும். அமில அளவு, வெப்பநிலை, முக்கும் நேரம் ஆகியவை தடிமனை மாற்றும். பேரலில் போல்ட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் அவ்விடத்தில் கரைசல் சரியாகச் சேராது. மரையின் பள்ளத்தில் துத்தநாகமே குறைவாகப் படியும். சுடுநீரில் நெடுநேரம் அலசினால் மஞ்சள் கரைந்து வெளுக்கும்.

ஆகவே நிறம் காப்பின் அளவுகோல் ஆகாது. 35 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், 5 விழுக்காடு உப்புக் கரைசலைப் பனிபோல் தூவி, வெண்துரு தோன்ற எத்தனை மணி நேரம் ஆகிறது என்று பார்ப்பதே முறையான சோதனை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். ஆறிணைதிறன் குரோமியம் புற்றுநோய் உண்டாக்கும். தோலில் ஆறாத புண்ணை ஏற்படுத்தும். ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜூலை 1 முதல் மின், மின்னணுப் பொருள்களில் அதைக் கட்டுப்படுத்தியது. இப்போது மூவிணைதிறன் கரைசல்கள் வந்துவிட்டன. அவற்றின் நிறம் வெளிறியது. பழைய மஞ்சளைக் காட்டச் சாயம் சேர்ப்பதும் உண்டு. ஆயினும் "அந்தப் பழைய மஞ்சள்தான் வேண்டும்" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள்.

என் தந்தையாரின் விரலிடுக்கில் நெடுநாளாக ஒரு புண் இருக்கிறது. சேற்றுப்புண் என்றே வீட்டில் நினைத்திருந்தோம். அவர் கேள்விக்கு விடை தேடியபோதுதான் எனக்கு ஐயம் எழுந்தது. மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். இப்போது கையுறை அணிகிறார்.

நிறத்தைக் கேட்கும் முன் காப்பைக் கேட்க வேண்டும். அதற்கும் முன், முக்கி எடுக்கும் கையைக் கேட்க வேண்டும். வேதியியல் பயிலும் நாம் இதைப் பட்டறைகளுக்கு எடுத்துச் சொல்வோமாக.