மோட்டாருக்குப் பொருத்தமான பிரேக்கரைத் தெரிவு செய்வது எப்படி?

எனது அரிசி ஆலையில் ஓர் இரவு 10 பரிவலு மோட்டார் ஒன்று கருகிப் போனது. அறுவடைக் காலம். முற்றம் நிறைய நெல் மூட்டைகள். மோட்டாரை மீளச் சுற்றி எடுக்கும் வரை ஆலை மூடிக் கிடந்தது. "பேனலில் பிரேக்கர் இருந்ததே, அது ஏன் விழவில்லை?" என்று எலக்ட்ரீஷியனிடம் கேட்டேன். அன்று நான் படித்த பாடத்தை, மோட்டார் வைத்துத் தொழில் செய்யும் சகோதரர்களுக்குச் சொல்கிறேன்.

அந்த மோட்டார் முழுச் சுமையில் எடுப்பது ஏறத்தாழ 15 அம்பியர். ஆனால் ஸ்டார்ட் ஆகும்போது அதைப் போல் ஆறேழு மடங்கு இழுக்கும். முன்பிருந்த 20 அம்பியர் எம்.சி.பீ. அடிக்கடி விழுந்ததால் 32 அம்பியர் போட்டுவிட்டோம். ஓவர்லோட் ரிலேயும் இருக்கவில்லை. அன்றிரவு ஒரு பேஸ் அறுந்தது. மீதி இரண்டிலும் மின்னோட்டம் சுமார் 1.73 மடங்காகி 26 அம்பியரானது. 32 அம்பியர் பிரேக்கருக்கு அது சாதாரண சுமை. மோட்டாருக்கோ அது மரணம்!

சாதாரண எம்.சி.பீ. வயரைக் காப்பதற்கானது. மோட்டாரைக் காக்க எம்.பி.சி.பீ. எனப்படும் மோட்டார் பிரேக்கர் வேண்டும். ஸ்டார்ட்டிங் இழுவையை அது தாங்கும். மிகைச் சுமை, ஷோர்ட், பேஸ் இழப்பு ஆகிய மூன்றிலும் துண்டிக்கும். வாங்கும்போது கவனிக்க வேண்டியவை:

1. பரிவலுவை மட்டும் சொல்லி வாங்காதீர்கள். மோட்டாரின் தகட்டில் உள்ள அம்பியரைப் பாருங்கள். இரண்டு அளவுகள் இருந்தால், நமது 400 வோல்ட்டுக்கு உரியதை எடுங்கள்.

2. அந்த அம்பியர் பிரேக்கரின் டயல் எல்லைக்குள் அடங்க வேண்டும். 15 அம்பியருக்கு 13 முதல் 18 வரையுள்ளது பொருந்தும். டயலைத் தகட்டின் அளவிலேயே வையுங்கள்.

3. பொதுவாகக் கிடைப்பது 'கிளாஸ் 10'. பெரிய விசிறி போன்று மெதுவாக வேகமெடுப்பவற்றுக்கு 'கிளாஸ் 20' தேவைப்படலாம்.

4. ஷோர்ட் ஏற்பட்டால் எத்தனை கிலோ அம்பியரைத் துண்டிக்க வல்லது என்பதும் அதில் பொறிக்கப்பட்டிருக்கும். டிரான்ஸ்போமருக்கு அருகிலுள்ள ஆலைகளுக்கு இது மிக முக்கியம். உங்கள் இடத்துக்கு எவ்வளவு வேண்டும் என்பதை எலக்ட்ரீஷியனைக் கணக்கிட்டுச் சொல்லச் சொல்லுங்கள்.

5. அடிக்கடி போட்டு நிறுத்தும் வேலைக்குக் கொன்டாக்டரையே பயன்படுத்துங்கள். பிரேக்கர் காவலுக்கு மட்டும்.

6. பேனலுக்குள் சூடு தேங்கினால் பிரேக்கர் தன் அளவுக்கு முன்பே விழக்கூடும். காற்றோட்டத்துக்கு இடைவெளி விடுங்கள்.

இறுதியாக ஒன்று. பிரேக்கர் விழுந்தால், வேலை நிற்கிறதே என்று டயலைக் கூட்டிவிடும் பழக்கம் நம்மில் பலரிடம் உண்டு. நான் 20ஐக் கழற்றி 32 போட்டதும் அதே அவசரத்தில்தான். பெயாரிங் இறுகியதா, பெல்ட் இழுபடுகிறதா, ஒரு பேஸ் குறைகிறதா என்று முதலில் பாருங்கள். விழும் பிரேக்கர் நமக்குத் தொந்தரவு அல்ல. அது எதையோ சொல்ல வருகிறது. பத்து நிமிடம் நின்று அதைக் கேட்டால், பத்து நாள் ஆலையை மூட வேண்டி வராது.