வானலை அப்பியாசம்: பேத்திக்கு ஒரு கடிதம்

சென்னை,
பங்குனி மாதம்

அன்புள்ள பேத்திக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நம் நகரத்து ஹாம் ரேடியோ சங்கத்தில் சேரலாமா என்றும், சேர்ந்தால் அங்கே வருஷம் முழுவதும் என்னதான் செய்வார்கள் என்றும், கைபேசியிலேயே உலகத்தின் எந்த மூலையிலிருப்பவரோடும் முகம் பார்த்துப் பேச முடிகிற இக்காலத்தில் அதனால் பிரயோஜனம் என்ன என்றும் மூன்று கேள்விகள் கேட்டிருந்தாய். மூன்றாவதற்கு விடை கண்டாலன்றி மற்ற இரண்டுக்கும் விடை சொல்லிப் பயனில்லையாதலால், அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

கைபேசி உன் கையில் இருப்பது மெய்தான். ஆனால் அதைப் பேசச் செய்கிற கோபுரமும், கோபுரங்களை ஒன்றோடொன்று இணைக்கிற கம்பிகளும், இவற்றுக்கெல்லாம் உயிரூட்டுகிற மின்சாரமும் உன் கையில் இல்லை. பெரும் புயலோ வெள்ளமோ வந்து அவை ஓய்ந்துவிட்டால், எந்த வேளையில் பேச்சு மிகவும் வேண்டுமோ அந்த வேளையிலேயே அது ஊமையாகிவிடுகிறது. தொழிலாக அல்லாமல் ஆர்வத்தால் வானலையில் பேசுகிறவரையே ஹாம் என்கிறோம். அவருடைய நிலையத்துக்கு வேண்டியவையோ மிகச் சில: ஒரு காரின் பாட்டரி, ஒரு ரேடியோப் பெட்டி, இருபது மீட்டர் செப்புக் கம்பி, அதைக் கட்ட இரண்டு மரங்கள், இவற்றை இயக்கத் தெரிந்த ஒரு மனிதர். நடுவில் எவருடைய தயவும் வேண்டியதில்லை. சாமான்களை விலை கொடுத்து வாங்கிவிடலாம். மரங்கள் எங்கும் இருக்கின்றன. இயக்கத் தெரிந்த மனிதரை மட்டும் ஆபத்து வந்த அன்று புதிதாக உண்டாக்க முடியாது. அவரை முன்கூட்டியே உண்டாக்கி வைப்பதுதான் சங்கத்தின் வேலை. நாதஸ்வர வித்துவானின் வீட்டில் விடியற்காலையில் கேட்கிற சாதகம் எப்படி எந்தக் கச்சேரிக்கும் சேராததாயினும் எல்லாக் கச்சேரிகளையும் தாங்கி நிற்கிறதோ, அப்படியே விளையாட்டுப்போலத் தோன்றும் சங்கத்தின் நிகழ்ச்சிகள் யாவும் என்றோ ஒரு நாள் வரப்போகும் காரியத்தைத் தாங்கி நிற்கின்றன.

இதற்கு ஒரு திருஷ்டாந்தம் சொல்கிறேன். 2004-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் பாரதி பிரசாத் என்னும் அம்மையார் சில தோழர்களுடன் அந்தமானிலுள்ள போர்ட் பிளேயருக்குச் சென்று, அரசாங்கத்தின் விசேஷ அனுமதியுடன் ஒரு ஹாம் நிலையம் அமைத்தார். நெடுங்காலமாக ஹாம் நிலையம் ஒலிக்காதிருந்த தீவுகள் அவை. அப்படிப்பட்ட அபூர்வமான இடத்திலிருந்து எழும் குரலைப் பிடித்து, இரண்டு வார்த்தை பேசி, அதற்கு அத்தாட்சியாக க்யூ.எஸ்.எல். கார்டு ஒன்றைப் பெற்று ஆல்பத்தில் வைத்துக்கொள்வது உலகெங்குமுள்ள ஹாம்களுக்கு ஒரு பேரானந்தம். ஆகவே அந்தப் பிரயாணம் முற்றிலும் விளையாட்டே. ஆனால் 26-ஆம் தேதி காலையில் பூமி அதிர்ந்து, கடல் பொங்கி, தீவுகளில் தொலைபேசித் தொடர்பு அறுந்தபோது, விளையாட்டுக்காகக் கொண்டுபோன அதே யந்திரம், அதே கம்பி, அதே பழகிய குரல், தீவிலிருந்த உற்றாரின் க்ஷேம சமாசாரத்துக்காகத் தவித்துக்கொண்டிருந்த குடும்பங்களுக்குச் செய்தி சுமக்கும் சாதனங்களாயின. அவர்கள் அன்று புதிதாக எதையும் கற்றுக்கொள்ளவில்லை என்பதைக் கவனி. தினந்தோறும் செய்துகொண்டிருந்ததையே வேறொரு நோக்கத்துக்காகச் செய்தார்கள்.

இனி, வருஷத்தின் காரியங்களைக் கிரமமாகச் சொல்கிறேன்.

அன்றாட அப்பியாசம் காலை 'நெட்'டில் தொடங்குகிறது. ஏழு மெகாஹெர்ட்ஸ் வரிசையில், குறித்த நேரத்தில், பல ஊர்க்காரர்கள் கூடுவார்கள். ஒருவர் தலைமை வகித்து ஒவ்வொருவராக அழைக்க, அழைக்கப்பட்டவர் மட்டுமே பேச, மற்றவர்கள் காத்திருப்பது அங்கே நியமம். ஏனெனில் ஒரே அலைவரிசையில் இருவர் ஏககாலத்தில் பேசினால் இருவர் வார்த்தையும் கெட்டுப்போகும். அந்த வரிசையையும் அந்த நேரத்தையும் தேர்ந்தெடுத்ததிலும் ஒரு சூட்சுமம் உண்டு. வானத்தின் உயரத்தில் சூரிய கிரணங்களால் மின்னேற்றம் பெற்ற அடுக்குகள் இருக்கின்றன. மேலடுக்கு நம் அலையைத் திருப்பி மண்ணுக்கு அனுப்புகிறது. பகலில் மட்டும் தோன்றும் கீழடுக்கோ அந்த அலையில் ஒரு பங்கை விழுங்கிவிடுகிறது. ஆகையால் பகலில் இந்த வரிசை மதுரை, கோயம்புத்தூர், பெங்களூர் என்று சில நூறு கிலோமீட்டர் எல்லைக்குள் நன்கு பயன்படுகிறது. இரவில் கீழடுக்கு கரைந்துவிடவே, அதே வரிசையில் கடல் கடந்த தேசங்களின் குரல்கள் வந்து நெருக்குகின்றன. எந்த வேளைக்கு எந்த வரிசை என்பதைப் புத்தகத்திலிருந்து அறியலாம். ஆனால் பல மாதங்கள் காதால் கேட்டறிந்தவனுக்கே அது தயங்காமல் நினைவுக்கு வரும்.

வருகிற ஏப்ரல் 18-ஆம் தேதி உலக அமெச்சூர் வானொலி தினம்; ஹாம் ரேடியோவுக்கே அமெச்சூர் வானொலி என்றும் பெயர். 1925-ஆம் ஆண்டில் அந்த நாளில்தான் பாரிஸ் நகரத்தில் ஹாம்களின் சர்வதேச சங்கம் தோன்றியது. அன்று நம் சங்கத்தில் பிரசங்கங்களைச் சுருக்கிக்கொண்டு, புதியவர்களுக்கு ஆன்டெனா கட்டக் கற்றுக்கொடுக்க உத்தேசித்திருக்கிறார்கள். இதன் கணக்கு உனக்கு எட்டாததன்று. மின்காந்த அலை ஒரு விநாடியில் ஏறத்தாழ 30 கோடி மீட்டர் செல்கிறது, 7.1 மெகாஹெர்ட்ஸில் அது விநாடிக்கு 71 லட்சம் தடவை அலைகிறது. முன்னதைப் பின்னதால் வகுத்தால் ஓர் அலையின் நீளம் சுமார் 42 மீட்டர் என்று வரும். அதில் பாதி 21 மீட்டர். கம்பியின் முனைகளில் நிகழும் விளைவால் உண்மையில் வேண்டிய நீளம் சிறிது குறைந்து, சுமார் 20 மீட்டராகும். அதை நடுவில் வெட்டி, பக்கத்துக்குப் பத்து மீட்டராக விரித்து, நடுவில் கேபிளை இணைத்தால் ஆன்டெனா ஆயிற்று.

மே மாத விடுமுறையில் 'நரி வேட்டை' நடக்கும். ஒருவர் சிறிய ஒலிபரப்பி ஒன்றை எங்கேனும் ஒளித்து வைப்பார். மற்றவர்கள் திசை காட்டும் ஆன்டெனாவைக் கையிலேந்தித் தேடுவார்கள். ஓரிடத்தில் நின்று ஒலி உரத்துக் கேட்கும் திசையை நிலப்படத்தில் கோடாக வரைந்து, வேறோரிடம் சென்று அவ்வாறே மற்றொரு கோடு வரைந்தால், இரண்டும் வெட்டும் இடத்துக்கு அருகில் நரி இருக்கும். மிக நெருங்கியபின் எல்லாத் திசையிலும் ஒலி ஒன்றுபோலவே உரத்துக் கேட்டு மயக்கும். அப்போது ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு, பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு மெல்லச் சுழன்றால், எந்தப் பக்கம் திரும்பும்போது ஒலி தேய்கிறதோ அதற்கு நேர் எதிரில், உன் முதுகுக்குப் பின்னால், நரி இருக்கிறது என்று கொள்ளலாம். உன் உடம்பே அலையை மறைக்கிறதல்லவா? சிறுவர்களே இந்த ஆட்டத்தில் பெரும்பாலும் ஜெயிக்கிறார்கள்.

ஜூன் மாதத்தில் களநாள். அமெரிக்க ஹாம்கள் 1933 முதல் நடத்திவரும் இந்த வழக்கத்தை நம்மவர்களும் மேற்கொண்டிருக்கிறார்கள். ஊருக்குப் புறத்தே ஒரு வெட்டவெளிக்குச் சென்று, வெறுந்தரையில் தொடங்கி நிலையம் அமைத்து, ஊர் மின்சாரத்தைத் தொடாமல் இருபத்துநான்கு மணி நேரம் இயக்குவதே இதன் விதி. எந்தக் கருவி வீட்டிலேயே தங்கிவிட்டது, எந்தக் கயிறு குட்டை, எவருக்கு நள்ளிரவில் பொறுமை போகிறது என்பனவெல்லாம் அன்று வெளியாகிவிடும். குறைகள் வெளியாவதற்காகவே அந்த நாள் ஏற்பட்டிருக்கிறது. ஆகஸ்டில் உலகெங்கும் கலங்கரை விளக்கங்களிலிருந்து ஹாம்கள் பேசும் வார இறுதி வரும். அனுமதி கிடைத்தால் நம் சங்கத்தாரும் கடற்கரைக்குப் போவார்கள்.

அக்டோபர் மாதத்து மூன்றாவது வார இறுதியில் சாரணர்களின் வானலை ஜம்பூரி. 1957-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் கூடிய சாரணர் மகாநாட்டில் முளைத்த யோசனை இது. நம் சங்கம் பள்ளிச் சாரணர்களை அழைத்து நிலையத்தைக் காட்டுகிறது. வடகிழக்குப் பருவமழையும் புயல்களும் வரும் காலம் அதுவாதலால், அதே வாரத்தில் செய்தி அனுப்பும் ஒத்திகையையும் சேர்த்துக்கொள்கிறார்கள். ஒருவர் இருபத்தைந்து வார்த்தைச் செய்தியொன்றை வாசிக்க, இரைச்சலுக்கு நடுவில் மற்றவர் எழுதிக்கொண்டு, திரும்ப வாசித்துக் காட்டி, ஓர் எழுத்தும் பிசகவில்லை என்று உறுதிசெய்ய வேண்டும். ஐயமுள்ள எழுத்தை, 'வி'க்கு 'விக்டர்', 'யூ'வுக்கு 'யூனிஃபார்ம்' என்று சர்வதேச வழக்கப்படி ஒரு சொல்லாலேயே சொல்வார்கள். மருந்தின் பெயரில் ஓர் எழுத்து மாறினால் என்ன ஆகுமென்று எண்ணிப் பார்த்தால், இந்தக் கண்டிப்பின் நியாயம் உனக்கு விளங்கும்.

இத்தகைய சங்கங்களின் பலன் ஆபத்துக் காலத்தோடு நின்றுவிடுவதுமில்லை. 1924-ஆம் ஆண்டு ஜூலை 31-ஆம் தேதி, சி.வி. கிருஷ்ணசாமி செட்டியார் முதலியோர் கூடி நிறுவிய மதராஸ் மாகாண ரேடியோ கிளப் இதே நகரத்தில் ஒலிபரப்பைத் தொடங்கியது. பணமுடையால் 1927-ல் அது நின்றுபோயினும், அதன் யந்திரம் நகரசபையிடம் சேர்ந்து, 1930-ல் நகரசபையே ஒலிபரப்பு நடத்த ஆதாரமாயிற்று. 1938-ல் அகில இந்திய வானொலி இங்கே நிலையம் திறக்கும்வரை நகர மக்கள் அதைக் கேட்டார்கள். நம் காலத்திலும், ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 2005 மே 5-ஆம் தேதி ஏவப்பட்ட 42.5 கிலோ எடையுள்ள ஹாம்சாட் என்னும் சிறு செயற்கைக்கோள், ஹாம்களின் பேச்சை வானத்திலிருந்து வாங்கித் திருப்பி அனுப்பும் பணியை 2014 வரை செய்தது.

ஆகவே சேரலாமா என்னும் கேள்விக்கு, தாராளமாகச் சேர் என்பதே என் விடை. பன்னிரண்டு வயது நிரம்பியவர்கள் மத்திய அரசாங்கம் நடத்தும் பரீட்சையை எழுதலாம். வானொலி விஞ்ஞானமும் விதிமுறைகளும் அதில் கேட்கப்படும். தேறியவர்களுக்கு உரிமமும், இந்தியாவுக்குரிய 'வி.யூ.' என்னும் எழுத்துக்களில் தொடங்கும் அழைப்புக் குறியும் கிடைக்கும். உரிமமின்றி ஒலிபரப்புவது குற்றம். உரிமம் பெற்றபின்னும் வியாபாரம் பேசுவதோ, கூலி வாங்கிக்கொண்டு செய்தி அனுப்புவதோ, பாட்டு வைப்பதோ, பிறருக்குப் புரியாத ரகசியச் சங்கேதத்தில் பேசுவதோ கூடாது. வானலை எல்லோருக்கும் பொதுவாகையால் அதில் ஒருவர் ஆதாயம் தேடத் தொடங்கினால் மற்றவர்களுக்கு இடமிராது என்பதே இத்தடைகளின் கருத்து.

பரீட்சை வரும்வரை காத்திராமல் நிகழ்ச்சிகளுக்கு வரத் தொடங்கு. ஏப்ரல் 18-ஆம் தேதி காலையில் ஒரு நோட்டுப் புத்தகமும் பென்சிலும் அளவு நாடாவும் கொண்டு வா. மேலே சொன்ன கணக்கை நீயே ஒரு முறை போட்டுப் பார்த்துவிட்டு வா. அன்று கம்பியை அளந்து வெட்டும் பொறுப்பை உன்னிடமே கொடுக்கும்படி சங்கத்துச் செயலாளரிடம் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஆசிகளுடன்,
தாத்தா